தோம்பேட்டிலிருந்து இதயத் துடிப்பு வரை

ஒருவரது இதயத்தில் எழும் மின் அலைகளைக் கொண்டே அவர் இன்னார் என்பதை உறுதிசெய்யும் முறையொன்று இன்று ஆராயப்பட்டு வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை நோக்குவோர்க்கு இது வெறும் பொறியியற் செய்தியன்று. ஆளை அடையாளங் காணும் எந்த ஏற்பாடும் கேட்டதற்கு மேலாகவும் அறிந்து வைத்துக்கொள்ளும் என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் தொடக்கிவைத்த தோம்பேடுகளை விரிவுபடுத்தினர். நிலமும் குடிகளும் அவற்றிற் பதியப்பட்டன. ஒருவரின் பெயரை மட்டுமன்றி அவரது சாதி, செலுத்தவேண்டிய வரி, செய்யவேண்டிய ஊழியம் ஆகியவற்றையும் அப்பதிவுமுறை நிலைநிறுத்தியது. அடையாளமே கடமையாயிற்று.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் வழியே, 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதிற் பிறந்த இடமும் குறிக்கப்பட்டிருந்தது. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அட்டையை நீட்டியவர், தாம் யார் என்பதோடு எவ்வூரவர் என்பதையும் சொல்லியவரானார். அவரை நடத்தும் முறை அவ்வொரு சொல்லால் மாறக்கூடியதாயிருந்தது.

இதயத்தின் மின் அலைகளைத் துல்லியமாக வரையும் கருவியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெய்டன் நகரில் ஆக்கியவர் வில்லெம் ஐந்தோவன். அவரும் ஓர் ஒல்லாந்தரே. ஒல்லாந்தக் குடியேற்ற நாடாயிருந்த யாவாவில் 1860இற் பிறந்தவர். இதய மின்வரைபின் இயங்குமுறையைக் கண்டறிந்தமைக்காக 1924இல் நோபெல் பரிசு பெற்றார். மருத்துவமனைகளில் ஈ.சி.ஜி. என வழங்கும் அவ்வரைபின் வடிவம், இதயத்தின் பருமன், மார்பினுள் அது அமைந்த நிலை முதலியவற்றால் ஆளுக்காள் வேறுபடும். 2001இல் சுவீடனைச் சேர்ந்த லேனா பியெல் முதலியோர் இருபது பேரிடம் நடத்திய ஆய்வில், இவ்வேறுபாட்டைக்கொண்டு ஆளை இனங்காணலாம் எனக் காட்டினர்.

எனினும் அதே வரைபு நோயையும் காட்டும். சீரற்ற துடிப்பும் பழைய மாரடைப்பின் சுவடும் அதிற் புலப்படக்கூடும். தோம்பு சாதியைச் சொல்லிற்று. அட்டை ஊரைச் சொல்லிற்று. இதயம் உடல்நிலையைச் சொல்லும். தொழில் தருவோனிடமோ காப்புறுதி நிறுவனத்திடமோ அது சென்றால் விளைவு யாது? அட்டை தொலைந்தால் வேறொன்று பெறலாம். களவுபோன இதயக் குறிப்புக்கு மாற்றில்லை.

இலங்கையில் இந்திய நிதியுதவியுடன் திட்டமிடப்பட்ட எண்ணிம அடையாள அட்டைக்கு முகமும் கைரேகையும் கருவிழித்திரையுமே கருதப்பட்டுள்ளன. இதய அலை அதில் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடலளவைத் தரவையும் உடல்நலத் தரவையும் விசேட பாதுகாப்புக்குரியனவாகக் கொள்கிறது. இதய அலை ஒருங்கே இரண்டுமாகும். ஆதலின், அம்முறை என்றேனும் இங்கு வருமாயின், 'இவர் அவர்தாமா' என்ற வினாவுக்கு விடையளிப்பதோடு அது நிற்கவேண்டும். மூல வரைபு உரியவர் கையிலேயே இருத்தல் வேண்டும். பதிவேட்டை வைத்திருப்போன் எவன் என்ற பழைய வினா, கருவி புதிதானதால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை.