அப்பத்தாவின் விதைமிளகாய்

சங்க காலத் தமிழர் யாருமே மிளகாயைப் பார்த்ததில்லை, தெரியுமா நண்பர்களே? அவர்களுக்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகு போல உறைக்கும் காய் என்பதால்தான் 'மிளகாய்' என்ற பெயரே வந்தது!

மிளகாயின் தாயகம் மெக்சிகோவும் தென் அமெரிக்காவும். கொலம்பஸ் 1492-ல் கரீபியன் தீவுகளுக்குப் போன பிறகுதான் அது கடல் தாண்டியது. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்படியானால் சாத்தூர் சம்பாவும் ராமநாதபுரம் குண்டும் எப்படி நம்மூர் ரகங்கள் ஆயின? பெயர் தெரியாத விவசாயிகள் வருஷா வருஷம் நல்ல செடியாகப் பார்த்து விதை எடுத்ததால்தான். ஆராய்ச்சி நிலையங்களும் அங்கிருந்துதான் ஆரம்பித்தன. கோயம்புத்தூரின் கோ.1 ரகம் சாத்தூர் சம்பாவிலிருந்து தேர்ந்தெடுத்தது. பரமக்குடியின் பி.எம்.கே.1, கோ.2 ரகத்தையும் ராமநாதபுரம் குண்டையும் ஒட்டுச் சேர்த்து உருவானது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அதே 2023-ல் அமெரிக்காவின் எட் கரி உருவாக்கிய 'பெப்பர் எக்ஸ்' உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது. காரம் சுமார் 26,93,000 ஸ்கோவில்! ஒட்டுச் சேர்ப்பது, பொறுக்குவது, திரும்ப விதைப்பது. அவர் செய்ததும் இதைத்தான்.

சாணார்பட்டியில் எங்கள் அப்பத்தாவும் பொறுக்குவார். நன்றாகக் காய்த்த செடியில் நாலு பழத்தை யாரையும் தொட விடமாட்டார். "இது விதைக்குடா" என்பார். அவர் போன பிறகு நாங்கள் கடையில் வீரிய ஒட்டு விதை வாங்கினோம். முதல் வருஷம் அமோகம். அதிலேயே விதை எடுத்துப் போட்டால் ஒரு செடி குட்டை, ஒன்று நெட்டை, ஒன்றில் காரமே இல்லை! ஒட்டு ரகத்தின் அடுத்த தலைமுறை பிரிந்துபோகும் என்று பிறகு படித்துத்தான் புரிந்துகொண்டேன். அதை நிலைப்படுத்த ஆறேழு தலைமுறை பொறுக்க வேண்டுமாம்.

போன வருஷம் பரணில் அப்பத்தாவின் துணி முடிச்சு ஒன்று கிடைத்தது. விதைத்ததில் மூன்றே மூன்று முளைத்தன. தேனீ வேறு மகரந்தம் கொண்டுவந்து கலந்துவிடாமல் இருக்க மொட்டுகளுக்கு மெல்லிய துணி கட்டினேன். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், கவலையில்லை.

இப்போது நாலு பழம் பழுத்திருக்கிறது. அம்மா சட்னிக்குக் கேட்டார். "இது விதைக்கும்மா" என்றேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் தேடிப் பாருங்கள் நண்பர்களே. மிளகாய் விதை சில வருஷம்தான் உயிரோடு இருக்கும்.