தகர வில்லையிலிருந்து விசா வரை

எங்க வடமதுரைப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் "அவனுக்கு விசா வந்துருச்சாம்" என்ற பேச்சு காதில் விழும். சென்னை, பெங்களூரில் இருக்கிற உங்களுக்கு விசா என்றதும் அமெரிக்காவும் கம்ப்யூட்டரும் ஞாபகம் வரலாம். நான் சொல்வது அது இல்லை. சவுதியில் டிரைவர் வேலை, கத்தாரில் கட்டட வேலை, மலேசியாவில் ஓட்டல் வேலை. மழை ரெண்டு வருஷம் ஏமாத்தினா, மானாவாரிக் காட்டை நம்பி இருக்கிற வீட்டில் ஒரு பையன் பாஸ்போர்ட் எடுத்துடுவான்.

இது புதுசா வந்த பழக்கம் இல்லீங்க. திண்டுக்கல் அப்போ மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985-ல்தான் தனி மாவட்டம் ஆச்சு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு அதிகமா ஆள் போன மாவட்டங்களில் மதுரையும் ஒன்று. திருச்சி, சேலம், தஞ்சாவூர், ராமநாதபுரம் எல்லாம் இதே கதைதான். முதலில் காப்பித் தோட்டம், இலைநோய் வந்து காப்பி அழிந்த பிறகு தேயிலை. ஆரம்பத்தில் கடற்கரை வரைக்கும் நடை, தோணியில் மன்னார், அங்கிருந்து மாத்தளை வரைக்கும் காட்டுவழி நடை. வழியிலேயே காலராவில் செத்தவர்கள் ஏராளம். 1914-ல் பாம்பன் பாலம் வந்த பிறகுதான் தனுஷ்கோடி வரைக்கும் ரயிலில் போய், கப்பல் ஏறி தலைமன்னாரில் இறங்க முடிந்தது.

ஆள் பிடித்தவர் கங்காணி. வெளியூர்க்காரர் இல்லை; நம்ம ஊர், நம்ம சாதி, பல சமயம் சொந்தக்காரர். முன்பணம் கொடுப்பார், வழிச்செலவு பார்ப்பார். எல்லாம் கணக்கில் ஏறும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே தலையில் கடன். அங்கே தினமும் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் கங்காணிக்குக் காசு உண்டு.

அந்தக் காலத்து 'விசா' எப்படி இருந்தது தெரியுமா? 1900-களின் தொடக்கத்தில் ஒரு தகர வில்லை வந்தது. எந்தப் பகுதி, எந்தத் தோட்டம் என்று எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போகணும். வழிச்செலவு அந்த எண்ணுள்ள தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். நம்ம ஆட்டுச் சந்தையில் ஆட்டுக்கு அடையாளம் போடுகிற மாதிரிதான்.

அதைவிடக் கொடுமை 'துண்டு'. இன்னார் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவரை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. வேறு தோட்டத்துக்குப் போகணும்னா, அந்தத் தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கணும். கால் நம்மளது, ஆனா நடக்கிறதுக்கு உத்தரவு வேற ஒருத்தர்கிட்ட. 1921-ல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள்.

விவசாயியா எனக்கு இது நல்லாப் புரியும். நம்ம ஊர்களிலும் பண்ணையாள் முறை இப்படித்தான் இருந்தது. கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கின கடனுக்கு அப்பனும் மகனும் ஒரே பண்ணையில் கிடப்பார்கள். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. வேலை கஷ்டம் என்பது வேற விஷயம். பிடிக்காத இடத்தை விட்டுப் போக முடியாமல் இருப்பதுதான் அடிமைத்தனம்.

காகிதம் இல்லாததாலும் நம்ம சனங்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். இலங்கையில் 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று தலையை எண்ணிப் பிரித்தது. அப்படித் திரும்பினவர்கள் நீலகிரியிலும் நம்ம கொடைக்கானல் மலையிலும் இன்றும் இருக்கிறார்கள். மலேசியா 1968-ல் ஒரு சட்டம் போட்டு, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் கட்டாயம் என்றது. ரப்பர் தோட்டத்திலேயே ஆயுசைக் கழித்த பல்லாயிரம் தமிழர்கள் பெர்மிட் கிடைக்காமல் கப்பல் ஏறினார்கள்.

அப்புறம் எண்ணெய்ப் பணம். 1970-களில் வளைகுடா கதவு திறந்தது. தமிழ்நாடு அரசு 1978-லேயே அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப ஒரு நிறுவனம் தொடங்கியது. 1983-ல் குடியேற்றச் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்கணும். படிக்காதவனை ஏமாத்தாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனா இதைத் தாண்ட, டூரிஸ்ட் விசாவில் ஏற்றி அனுப்புகிற ஏஜென்ட்டுகளும் உண்டு. அப்படிப் போனவனுக்கு அங்கே சட்டத்தின் கண்ணில் ஆளே இல்லை.

வளைகுடாவில் இருந்த 'கஃபாலா' முறையைப் பார்த்தால் துண்டு ஞாபகம் வரும். விசா தருகிற முதலாளி 'கஃபீல்'. அவர் சம்மதம் இல்லாமல் வேறு வேலைக்கு மாற முடியாது. கத்தார் 2020-லும் சவுதி 2021-லும் இதைத் தளர்த்தின. ஆனா சவுதியில் வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர்களுக்கு அந்தத் தளர்வு வரவில்லை. நம்ம ஆட்கள் அதிகமா மாட்டுவது அங்கேதான்.

இன்றைக்கு வேடசந்தூர் நூல்மில்லுக்கு வட மாநிலத்துப் பையன்கள் வருகிறார்கள். சம்பளம் ஒத்துவரலேன்னா மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த மில்லுக்குப் போகலாம்; சட்டம் தடுக்காது. விசாவில் போகிற நம்ம பையனுக்கு அந்த உரிமை இருக்கா? கிளம்புவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது கிளம்பினால் இதைச் சொல்லுங்கள். பதிவு செய்த ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக் கணக்கில் கேட்டால் அதுவே பழைய கங்காணிக் கடன். ஒப்பந்தத்தைத் தமிழில் ஒருத்தரை வைத்துப் படிக்கணும். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, முதலாளி வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது. போகிற பையனைத் தடுக்கச் சொல்லவில்லை. அவன் அனுப்புகிற பணத்தில்தான் எங்க பக்கம் பல கிணறுகளில் மோட்டார் ஓடுது. போகிறவன் நினைத்த அன்னைக்குத் திரும்பி வர முடியணும், அவ்வளவுதான்.