ஆறு கஜத்தின் வயது

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் ஆசிரியர் அறையின் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. பெண் ஆசிரியர்கள் அனைவரும் நமது பண்பாட்டுக்கு உரிய உடையாகிய புடவையிலேயே வருதல் வேண்டும் என்பது அதன் சாரம். நாம் எந்நாளும் புடவையே உடுத்துபவர். ஆகவே அதனால் நமக்கு நேர்ந்த இழப்பு ஒன்றுமில்லை. ஆனால் இயற்பியல் துறையின் இளைய தோழி அதைப் படித்துவிட்டு நேரே நம் மேசைக்கு வந்தார். "அக்கா, நீங்கள் தமிழ் படித்தவர். இந்தப் பண்பாட்டுக்கு என்ன வயது இருக்கும்?" என்று கேட்டார்.

தைக்காத நெடுந்துணியைச் சுற்றி உடுத்தும் வழக்கம் மிகப் பழையது. அதற்கு வயது சொல்ல நம்மால் ஆகாது. ஆனால் உள்பாவாடை, கையுள்ள ரவிக்கை, ஆறு கஜப் புடவை, முன்புறக் கொசுவம், இடத்தோளில் தலைப்பு என்று இன்று ஒரே தொகுதியாக நாம் அணிந்து வருகிறோமே, அந்தத் தொகுதிக்கு வயது உண்டு. இந்நாட்டில் பயணிகள் இரயில் முதன்முதலாக ஓடியது 1853-இல். இந்த உடைத் தொகுதி அதற்கும் இளையது. அது பரவியதில் ஒரு பத்திரிகை விளம்பரத்துக்கும் பங்குண்டு என்று நாம் சொன்னபோது தோழி நம்பவில்லை. அவருக்காகத் திரட்டிய குறிப்புகளே இக்கட்டுரையாக விரிந்தன.

வங்காளத்தில், கல்கத்தாவின் ஜோடாசாங்கோ தாகூர் இல்லத்துக்குச் சிறுமியாக மணமகளாய் வந்தவர் ஞானதானந்தினி தேவி. பிறந்த ஆண்டு 1850. கணவர் சத்யேந்திரநாத் தாகூர், இரவீந்திரருக்கு மூத்தவர்களுள் ஒருவர். 1863-இல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் வென்ற முதல் இந்தியர். மறு ஆண்டு அவருக்குப் பம்பாய் மாகாணத்தில் வேலை கிடைத்தது. மனைவியை உடனழைத்துச் செல்ல விரும்பினார். அப்போது எழுந்த முதற்சிக்கல், அவர் எதை உடுத்திக்கொண்டு போவது என்பதே.

இன்று வேடிக்கையாகத் தோன்றும் இச்சிக்கல் அன்று வேடிக்கையன்று. வங்கத்து மேற்குடிப் பெண்கள் வீட்டின் உட்கட்டில் ஒற்றைப் புடவையைச் சுற்றிக்கொண்டு வாழ்ந்தனர். உள்ளே பாவாடையும் இல்லை, மேலே சட்டையும் இல்லை. பிற ஆடவர் கண்ணில் படாத இடத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. வெளியில் போகும் வழக்கம் இல்லாதபோது வெளியில் போவதற்கான உடை எங்கிருந்து வரும்? மாமனார் தேவேந்திரநாத் இக்குறையை முன்னரே உணர்ந்தவர். வீட்டுக்கே தையற்காரரை வரவழைத்துத் தம் பெண்மக்களுக்குப் பலவகை உடைகளைத் தைக்கச் செய்து பார்த்தார்; எதிலும் நிறைவில்லை. சத்யேந்திரரோ நகரிலிருந்த பிரெஞ்சுக் கடையொன்றில் 'கீழைநாட்டு உடை' என்ற பெயரில் ஒன்றைச் செய்வித்தார். அதைத் தாமே எடுத்து அணிய அந்தப் பெண்ணால் இயலவில்லை. கணவர் உதவ வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது பதினான்கு.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது. பெண் என்ன உடுத்தலாம் என்று மாமனார் சிந்திக்கிறார், கணவர் சிந்திக்கிறார், பிரெஞ்சுத் தையற்காரர் சிந்திக்கிறார். மூவரும் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயினும் மூவர் சிந்தனையிலும் விளைந்தது, உடுத்துபவரே உடுத்திக்கொள்ள முடியாத ஓர் உடை. வீட்டிலிருந்து கப்பல்வரை வண்டியில் போவதற்கும் மாமனார் இசையவில்லை. மூடுபல்லக்கில்தான் போக வேண்டியிருந்தது.

பம்பாயில் அவர்கள் மானெக்ஜி கர்செட்ஜி என்னும் பார்சி நீதிபதியின் குடும்பத்தாருடன் தங்கினர். பெண் கல்விக்காக 1863-இல் அலெக்சாண்ட்ரா பள்ளியை நிறுவியவர் அவர். அவருடைய பெண்மக்கள் கற்றவர்கள், வெளியே நடமாடுபவர்கள். அவர்கள் புடவை உடுத்தும் முறையை ஞானதானந்தினி பார்த்தார், பழகினார், பின்னர்த் தமக்கேற்ப மாற்றினார். பார்சிப் பெண்கள் தலைப்பைப் பின்னிருந்து வலத்தோள் வழியாக முன்னே கொணர்வர். இவர் இடத்தோளுக்கு மாற்றிக்கொண்டார். வலக்கை விடுபட்டது, வணக்கம் சொல்லவும் பொருளை எடுக்கவும் கொடுக்கவும் அக்கை வேண்டுமல்லவா? அதனுடன் உள்பாவாடை, சிம்மீஸ், மேற்சட்டை ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டார்.

ஊர் திரும்பியபோது தந்தையார் இத்தனை காலம் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது என்ற பொருள்பட மகள் சுவர்ணகுமாரி தேவி பின்னாளில் எழுதினார். ஊராரின் வரவேற்பு வேறு வகையானது. 1866 இறுதியில் ஆளுநர் தலைவர் மாளிகை விருந்துக்கு ஞானதானந்தினி சென்றார். அக்காலத்தில் அத்தகைய அவைக்கு வந்த இந்தியப் பெண் போபால் பேகம் ஒருவரே. ஆகவே இவரையே பேகம் என்று சிலர் எண்ணினராம். தாகூர் மரபின் மற்றொரு கிளையைச் சேர்ந்த பிரசன்னகுமார் தாகூர், தம் குலப்பெண் சபையில் நிற்பதைக் கண்டு நாணி வெளியேறினார் என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கிய செய்தி.

இனி விளம்பரத்துக்கு வருவோம். கல்கத்தாவில் 1863 முதல் பெண்களுக்கென்று 'பாமாபோதினி பத்ரிகா' என்னும் மாத இதழ் வந்துகொண்டிருந்தது. 1922 வரை நீடித்தது. பெண் கல்வி, குழந்தை வளர்ப்பு, உடல்நலம், இல்லறம் என்று எல்லாவற்றிலும் அறிவுரை வழங்கிய இதழ். உடையும் அதற்கு விலக்கன்று. இங்கிலீஷ் கவுன் வேண்டாம், முகலாயப் பேஷ்வாஸும் வேண்டாம், மானமும் காக்க வேண்டும், வங்காளியென்று தெரியவும் வேண்டும் என்று பலர் பலவாறு எழுதினர். அந்த இதழில்தான் ஞானதானந்தினியின் அறிவிப்பு வந்தது. புதுமுறையில் புடவை உடுத்தக் கற்க விரும்புவோருக்குத் தாம் கற்றுத்தர ஆயத்தம் என்பதே செய்தி. அப்படிக் கற்றவர்களில் முதல்வர்களுள் ஒருவர், குடிமைப்பணி அலுவலர் பிகாரிலால் குப்தாவின் மனைவி சௌதாமினி.

பெண்ணுக்கு உடை அறிவுரை கூறிய எழுத்துகள் நம் நாட்டில் ஏராளம். இப்படி உடுத்தினால் குலம் கெடும், அப்படி உடுத்தினால் குணம் விளங்கும் என்பவை அவை. இந்த அறிவிப்போ 'வாருங்கள், காட்டித் தருகிறேன்' என்கிறது. எங்கே முடிச்சு, எத்தனை மடிப்பு, எந்தத் தோள் என்ற கேள்விகளுக்கு விடை கையில் இருக்கிறது, ஏட்டில் இல்லை. நமக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

பிரம்ம சமாஜப் பெண்களிடையே இது முதலில் பரவியதால் 'பிராமிகா புடவை' என்ற பெயர் வழங்கிற்று. அதில் குறையும் இருந்தது; தலையை மூட வசதியில்லை. அதற்காகச் சிலர் முக்காடு கோத்த சிறு தொப்பியைச் சேர்த்துக்கொண்டனர். கேசவ சந்திர சேனரின் மகளும் கூச் பிகார் அரசியுமான சுனீதி தேவி, தொங்கும் தலைப்பைத் தோளில் ஊசியால் பொருத்தினார். இப்படிக் கைமாறிக் கைமாறி, ஆந்திரத்திலும் தக்காணத்திலும் முன்பே வழங்கிய முன்கொசுவ முறையோடு கலந்துதான் இன்றைய பொது வடிவம் உருவாயிற்று. ஒருவரே எல்லாவற்றையும் கண்டுபிடித்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. மேற்சட்டையும் புதிதன்று, கச்சு, கஞ்சுகம், குப்பாயம் என்ற சொற்கள் நம்மிடம் பழையவை. சிலப்பதிகாரம் சட்டையணிந்த ஏவலரைக் கஞ்சுகம் என்னும் சொல்லாலேயே குறிக்கும். எவர் எதை அணியலாம் என்பதுதான் காலந்தோறும் மாறியது.

அந்த 'எவர்' என்னும் சொல்லே நம்மைத் தெற்கே இழுக்கிறது. ஞானதானந்தினி பம்பாய்க்குப் புறப்படுவதற்கு ஐந்தே ஆண்டுகளுக்கு முன், 1859 சூலை 26-இல், திருவிதாங்கூர் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதுவும் பெண்ணின் மேலாடையைப் பற்றியதே. இன்றைய குமரி மாவட்டத்தை உள்ளடக்கிய அந்நாட்டில் நாடார் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காக அரை நூற்றாண்டுக் காலம் அடிபட்டனர். கிறித்தவம் தழுவிய பெண்கள் சிரியக் கிறித்தவரையும் மாப்பிள்ளைமாரையும் போலக் குப்பாயம் அணியலாம் என்று 1814-இல் இசைவு கிடைத்தது. மிஷனரிமாரின் மனைவியர் தளர்ந்த சட்டையொன்றை வடிவமைத்தும் தந்தனர். ஆனால் பெண்கள் கேட்டது அதுவன்று. உயர்சாதிப் பெண்கள் தோளில் இடும் சீலையை அவர்கள் கேட்டனர், இட்டும் காட்டினர். சந்தையில் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1829-இன் ஆணை, சட்டை போதும், தோள்சீலை கூடாது என்றது. மீண்டும் கலவரங்கள். சென்னை ஆளுநர் டிரெவெலியனின் அழுத்தத்துக்குப் பின் வந்த 1859-இன் ஆணையும், எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் ஆகாது என்றே வகுத்தது.

ஒரே காலம், ஒரே பண்டம். வடகிழக்கே ஒரு செல்வக்குடிப் பெண்ணுக்கு மேற்சட்டை நாகரிகம் ஆகிறது. தென்கோடியில் உழைக்கும் பெண்ணுக்கு அதுவே சலுகையாக அளந்து தரப்படுகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஞானதானந்தினியின் மீதுள்ள நம் அன்பு குறையவில்லை. ஆனால் அவருடைய முறைக்கு ஏன் அத்தனை மதிப்புக் கூடிற்று என்பது விளங்குகிறது. அவரையறியாமலே அது 'கௌரவமான பெண்' என்பதன் அடையாளமாயிற்று. சட்டையும் பாவாடையும் வாங்க வசதியற்றவள் தானாகவே அந்த வட்டத்துக்கு வெளியே நின்றாள்.

தமிழகத்துக்கு இத்தொகுதி எந்த ஆண்டில் வந்தது என்று கோடிட முடியாது. பள்ளிகள், அலுவலர் குடும்பங்கள், புகைப்பட நிலையங்கள் என்று பல வாயில்கள். இரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த வண்ணப்படங்களில் இலக்குமியும் சரசுவதியும் புடவையும் ரவிக்கையுமாக வீட்டுச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். தெய்வமே அப்படி உடுத்தினால் பிறகென்ன? நம் பேச்சுவழக்கில் ரவிக்கைக்கு 'ஜாக்கெட்' என்ற பெயர் நிலைத்ததை எவரும் வியப்பதில்லை. பண்பாட்டு உடையின் சரிபாதிக்கு நாம் இங்கிலீஷ் பெயரே வைத்திருக்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் இங்கும் அறிவுரைகள் பெருகின. பெரியார், பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு ஆண்களைப் போலவே உடுத்தலாம் என்றார். 'ஜகன்மோகினி' நடத்திய வை.மு.கோதைநாயகி, காந்தியைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் துறந்து கதருக்கு மாறினார். முதலாவதைப் பின்பற்றியவர் மிகச் சிலர். இரண்டாவதற்கு ஓரளவு ஆள் சேர்ந்தது. சொன்னவரே உடுத்திக் காட்டியதும் அதற்கு ஒரு காரணமாகலாம் என்பது நம் ஊகம்.

நம் அப்பத்தா சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே கட்டுவார், ரவிக்கை அணிந்ததில்லை. வயலிலும் களத்திலும் கோயிலிலும் அதே கோலம்தான். எவரும் அவரை மரியாதைக் குறைவாகப் பார்த்ததாக நினைவில்லை. வீட்டில் அவருடைய படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. நம் பெற்றோரின் திருமணத்தன்று எடுத்தது. 'போட்டோ பிடிக்கிறார்கள்' என்று யாரோ ஒரு வெள்ளை ரவிக்கையை மாட்டிவிட்டிருக்கிறார்கள். இரவல் ரவிக்கை. இரண்டு கைகளும் உடம்பை விட்டு விலகி விறைத்து நிற்கின்றன. படம் எடுத்து முடிந்ததும் கொல்லைப்புறம் போய்க் கழற்றி எறிந்துவிட்டு, 'மூச்சு வந்தது' என்றாராம். அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பார். நாமும் வெகுகாலம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இக்குறிப்புகளை இயற்பியல் தோழியிடம் கொடுத்தோம். படித்துவிட்டு அவர், ஓய்வுபெறும் வயதிலிருக்கும் கணிதத் துறை அம்மையாரிடம் காட்டினார். அம்மையார் அதிகம் பேசாதவர். அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்பது கஜப் புடவையில், உள்பாவாடை இல்லாமல், மடிசார் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். கணுக்காலுக்குச் சற்று மேலேயே கரை நின்றது. சுற்றறிக்கையில் சொன்ன புடவை இதுதானா என்று அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை. எழுத்தர் அவரை ஒருமுறையும் பலகையை ஒருமுறையும் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.