எஞ்சிய துண்டுகள்

எழுதி வைத்த இசை ஏட்டில் நிற்கும். அவ்வப்போது உள்ளத்தில் ஊறி எழும் இசையோ எழுந்த கணமே மறையும். 1960-களில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த கட்டற்ற ஜாஸ் அத்தகையது. சுரமும் தாளமும் வகுத்த எல்லைகளை மீறிய அதனைப் பலர் வெற்று இரைச்சல் என்று ஒதுக்கினர். முதன்முறை கேட்கையில் நமக்கும் செவி கூசவே செய்யும்.

1967 ஜூலை 21 அன்று, நியூயார்க் நகரின் புனித பேதுரு லூத்தரன் ஆலயத்தில் ஜான் கோல்ட்ரேனின் அடக்கச் சடங்கு நடந்தது. நாற்பது வயதில் மறைந்த அந்தச் சாக்ஸபோன் கலைஞருக்காக, ஆல்பர்ட் அய்லர் தம்பி டொனால்டு முதலானோருடன் இசைத்தார். மூன்றே ஆண்டுகளில், 1970 நவம்பரில், அய்லரின் உடலே கிழக்கு ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. அவருக்கு வயது 34.

ஆலயத்தில் பதிவான ஒலிநாடா மட்டும் அழியவில்லை. 2004-இல் ரெவனன்ட் நிறுவனம் ‘தூய ஆவி’ எனப் பொருள்படும் ‘ஹோலி கோஸ்ட்’ என்ற பெயரில் வெளியிட்ட குறுந்தகட்டுப் பேழையில் அதுவும் இடம்பெற்றது. இன்று நாம் அந்த இறுதி மன்றாட்டைக் கேட்க முடிகிறது.

அப்பம் பலுகச் செய்த ஆண்டவர், எஞ்சிய துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னார். பழைய நாடாக்களையும் இசைத்தட்டுகளையும் தேடிச் சேர்ப்போர் செய்வதும் அப்பணியே. இரைச்சலென உலகம் தள்ளியதனுள் ஒரு மனிதரின் செபம் இருக்கக்கூடும். அதற்குச் செவிமடுக்கும் பொறுமையை நாம் வேண்டுவோம்.