கூலிக்கு மாரடித்தவர்கள்

1801ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரை சில நாட்களில் மறுபடி எழுப்பிய மண்கோட்டை அது. சண்டையில் காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைப் பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலர் கண்டார்கள். அவர்களில் ஒருத்தி தன் மகனைத் தேடி வந்தவள். மகன் குற்றுயிராகக் கிடந்தான். என்னை விடு, சாமியைக் காப்பாற்று என்று அவன் சொன்னான். அவள் அப்படியே செய்தாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தபோது, பெண்கள் ஊமைத்துரையைத் துணியால் மூடி ஒப்பாரி வைத்தார்கள். அம்மை கண்டு பிள்ளை செத்துப்போனான் என்றார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடிவிட்டார்கள்.

இதை எழுதி வைத்தவர் எதிர்த்தரப்பில் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி. அவருடைய நினைவுக்குறிப்புகள் 1830இல் புத்தகமாக வந்தன. அந்தத் தாயின் பெயர் அவர் எழுத்தில் இல்லை.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இந்தக் கதையை வீரத்தாய் கதையாகச் சொல்வார்கள். நானும் அப்படிக் கேட்டு வளர்ந்தவள்தான். பிற்பாடு நினைத்துப் பார்த்தபோது வேறொன்று உறைத்தது. துணிக்கு அடியில் கிடந்தவனுக்காக அவள் அழுத அழுகை பொய். ஆனால் அவள் பெற்ற பிள்ளை அதே நேரத்தில் களத்தில் செத்துக்கொண்டிருந்தான். அந்த அழுகையில் எது நடிப்பு, எது நிஜம் என்று வாசலில் நின்ற எந்த ஆணாலும் பிரித்திருக்க முடியாது. அவளாலேயே முடிந்திருக்குமா?

கலைச் சிகிச்சை என்ற தொழிலின் வரலாற்றை எழுத உட்கார்ந்தவள் ஒப்பாரியில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டையோ படத்தையோ உடலசைவையோ கொண்டு இன்னொருவரின் துயரத்தோடு உட்காருவதும், அதற்குக் கூலி வாங்குவதும் கரிசல் காட்டுக்குப் புதிதில்லை. அதைச் செய்தவர்களுக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர்தான் உறுத்துகிறது. மனமில்லாமல் செய்கிற எந்த வேலையையும் ‘கூலிக்கு மாரடிக்கிறது’ என்கிறோம். காசு வாங்கிக்கொண்டு அழுதால் அந்த அழுகை பொய்யாகத்தான் இருக்கும் என்ற முடிவு அந்தச் சொலவடைக்குள் இருக்கிறது. மருத்துவர் கட்டணம் வாங்கினால் அவர் தருகிற மருந்து பொய் என்று எவரும் சொல்வதில்லை.

தொழிலின் வரலாற்றைப் புத்தகங்கள் ஓர் ஆணிடமிருந்து ஆரம்பிக்கும். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938இல் காசநோய்க்காகச் சானடோரியத்தில் படுத்திருந்தார். படுக்கையில் இருந்தபடி வரைந்தார், மற்ற நோயாளிகளையும் வரையச் சொன்னார். 1942இல் ‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரைச் சூட்டினார். பெயர் அவருடையது, அதில் தகராறு இல்லை. தொழிலாக அதை நிலைநிறுத்திய உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. நியூயார்க்கில் மார்கரெட் நாம்பர்க் பள்ளி நடத்திய அனுபவத்தோடு 1940களில் மனநல மருத்துவமனைக்குள் வந்தார். எலினார் உல்மன் 1961இல் இந்தத் துறைக்கென்று ஓர் இதழைத் தொடங்கினார். 1964இல் பிரிட்டனிலும் 1969இல் அமெரிக்காவிலும் சங்கங்கள் உருவாயின. இன்றைக்கு வரை அங்கெல்லாம் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான், அதிலும் பெரும்பாலும் வெள்ளைப் பெண்கள்.

இந்த வரிசையில் என்னை நிறுத்தி வைக்கிற பெயர் ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டைஸ். வியன்னாவில் பிறந்த யூதப் பெண், பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரை டெரெசின் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குழந்தைகளுக்கு ரகசியமாக ஓவியம் சொல்லிக்கொடுத்தார். கிடைத்த தாள்களின் முதுகிலெல்லாம் வரைய வைத்தார். ஒவ்வொரு படத்திலும் குழந்தை தன் பெயரை எழுத வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். எண்களாக ஆக்கப்பட்டவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும்! 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் அவரைக் கொன்றார்கள். போவதற்கு முன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்திருந்தார். வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை, பெயர்கள் பிழைத்தன. அவரிடம் மாணவியாக இருந்த ஈடித் கிரேமர் 1938இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரானார். ஃப்ரீடிலுக்கு இதில் பட்டமும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

பிரேசிலில் நீஸ் தா சில்வெய்ரா. மருத்துவ வகுப்பில் ஒரே பெண்ணாகப் படித்தவர், இடதுசாரி என்று 1936இல் சிறைக்குப் போனவர். வேலைக்குத் திரும்பியபோது, நோயாளிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுக்க மாட்டேன் என்றார். கௌரவக் குறைச்சல் என்று மற்ற மருத்துவர்கள் கருதிய தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கு அவரைத் தள்ளினார்கள். 1946இல் அங்கே ஓர் ஓவியக்கூடம் திறந்தார். 1952இல் நோயாளிகளின் படங்களுக்கென்றே ரியோவில் ஓர் அருங்காட்சியகம் வந்தது. ஆண்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய மூலையில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. நமக்குப் பழக்கமான கதை.

நம்மூருக்கு வருவோம். சென்னையில் 1794இல் தொடங்கிய மனநலக் காப்பகம்தான் இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. 1961இல் அதன் கண்காணிப்பாளராக சாரதா மேனன் வந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர். அடைத்து வைப்பதோடு மருத்துவம் முடிந்துவிடாது, நோயாளி வேலைக்கும் வீட்டுக்கும் திரும்ப வேண்டும் என்று வற்புறுத்தியவர். 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பை உருவாக்கினார். கைவேலை நம் மனநல மருத்துவத்துக்குள் மறுவாழ்வு என்ற வாசல் வழியாகத்தான் அதிகம் வந்தது. கூடை பின்னுவது, மெழுகுவர்த்தி ஊற்றுவது, கவர் ஒட்டுவது என்று பல நிறுவனங்களில் பார்க்கிறோம். அவற்றால் பிழைத்தவர்கள் உண்டு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண்ணை வைத்து யோசித்துப் பாருங்கள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை தீப்பெட்டி ஒட்டி, எண்ணிக் கொடுத்துக் கூலி வாங்கியவள் அவள். அவள் மனம் உடைந்து வந்து நின்றால், மறுபடியும் பசையையும் அட்டையையும் கையில் கொடுத்து இதுதான் சிகிச்சை என்று சொல்ல முடியுமா? அவள் விரல்கள் ஒன்றையும் உருவாக்காமல் சும்மா இருப்பதற்கும், விற்க முடியாத ஒன்றை உருவாக்குவதற்கும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

அடுத்த மாவட்டம் ராமநாதபுரம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகிச் செத்தார்கள். கோடாங்கி, தர்கா, கோயில் எல்லாம் மக்களின் சிகிச்சை மரபு என்று பெருமையாகப் பேசும்போது இந்தச் சங்கிலி என் நினைவுக்கு வந்துவிடும். பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பங்குழையால் அடிபட்டவர்களில் எத்தனையோ பேர் பெண்கள். ஆகவே மரபு என்றாலே மருந்து என்று நான் எழுதப் போவதில்லை.

ஒப்பாரியும் அப்படித்தான். மாரடிக்கப் போனவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். ஆண்டை வீட்டில் சாவு விழுந்தால் போய் அழுதே ஆக வேண்டும், மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. இஸபெல் கிளார்க்-டெசே என்ற மானுடவியலாளர் தமிழகத்து ஒப்பாரிகளை ஆராய்ந்து 2005இல் ஒரு புத்தகம் எழுதினார். சாவு வீட்டில் யாரும் செத்தவருக்காக அழுவதில்லை என்பது அதன் தலைப்பிலேயே இருக்கிறது. பெண்கள் தங்களுக்காக அழுகிறார்கள். பிறந்த வீட்டை இழந்ததும், புகுந்த வீட்டில் பட்டதும், சொத்தில் பங்கில்லாமல் போனதும் பாட்டாகி ஊர் நடுவில் வருகின்றன. வேறு நாளில் சொன்னால் பல்லைத் தட்டிவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் ஆண்கள் பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கிராமத்தில், அந்தக் காலத்தில் மாரடிக்கப் போன ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத வீட்டில் எப்படி அழுகை வரும் என்று கேட்டேன்.

“செத்தது யாருன்னு எனக்கு எதுக்குத் தாயி? எனக்குச் செத்தவுக இருக்காகல்ல” என்றார்.

பிறகு அவரே தொடர்ந்தார். “அந்த வீட்டுப் பொம்பளைய பாத்துக்கிட்டே இருப்பேன். சில பேரு கல்லு மாதிரி உக்காந்திருப்பாக. அவுகளுக்கு அழுகை வர்ற வரைக்கும் இழுத்துப் பாடுவேன். அவுகளுக்கு வந்துட்டா நான் கொரல எறக்கிருவேன். அதுக்கு மேல நான் பாடினா அது எம் பாட்டாயிரும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கலைச் சிகிச்சைப் படிப்பில் பல மாதம் சொல்லித்தருகிறார்கள். தன் துயரத்தைக் கொண்டுதான் அடுத்தவர் துயரத்துக்குள் போக முடியும், ஆனால் எந்த இடத்தில் ஒதுங்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பாட்டிக்குக் கிடைத்த கூலி ஒரு படி கம்மம்புல், சில வீடுகளில் ஒரு பழைய சேலை.

ஒப்பாரியும் சிகிச்சையும் ஒன்றுதான் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒப்பாரிக்கு ஊரே சாட்சி, சிகிச்சை அறையில் ரகசியம் காக்கப்பட வேண்டும். கணவன் அடிக்கிறான் என்பதை ஊரறியப் பாடிவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிற பெண்ணுக்கு, கதவு சாத்திய ஓர் அறை பல நேரம் அதிகம் உதவும். நாளைக்கும் வரலாம், வராமலும் இருக்கலாம் என்ற உரிமையும் அங்கே அவளுக்கு இருக்கிறது. தொழில் என்று ஒன்று தேவைப்படுவது இதற்குத்தான். பயிற்சி, மேற்பார்வை, தவறு செய்தால் கேள்வி கேட்க ஓர் இடம் எல்லாம் வேண்டும்.

அந்த இடம் இல்லாததன் விளைவை நானே பார்த்தேன். சில வருடங்களுக்கு முன் கோவில்பட்டி அருகே ஒரு பள்ளியில், தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு நாள் முகாம். வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் கிரேயான் கொடுத்து, உனக்குப் பாதுகாப்பான இடத்தை வரை என்றார். ஒரு பிள்ளை தாளை வெறுமனே திருப்பிக் கொடுத்தது. ‘ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதினார். அந்த வெற்றுத்தாள்தான் அன்றைக்கு வந்ததிலேயே தெளிவான பதில் என்று எனக்குப் பட்டது. சாயங்காலம் எல்லாப் படங்களையும் கட்டி எடுத்துக்கொண்டு போனார். பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை, படங்களில் பெயரும் இல்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. மட்டக்களப்பில் 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒன்றைத் திறந்தார்கள். கனடாவைச் சேர்ந்த ஓவியர் பால் ஹோகனும் அருட்தந்தை பால் சற்குணநாயகமும் அதன் பின்னால் இருந்தவர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண்ணிலும் கதையிலும் கூத்திலும் விளையாடினார்கள். ஒரு நாள் முகாமாக முடித்துவிடாமல் மாதக்கணக்கில் அதே பிள்ளைகளோடு இருந்தார்கள். பூங்காவில் பிள்ளைகளோடு இருந்தவர்கள் அந்த மண்ணின் இளைஞர்களும் பெண்களும்தான். போர் அவர்களையும் தொட்டிருந்தது.

இனி சட்டம். 2021இல் நாடாளுமன்றம் துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் அட்டவணையில், ‘அசைவுச் சிகிச்சையாளர்’ என்ற தலைப்புக்குப் பக்கத்தில், கலை, நடனச் சிகிச்சையாளரும் இதில் அடக்கம் என்று ஓர் ஒட்டுக்குறிப்பு இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் இந்தத் தொழிலுக்குக் கிடைத்திருக்கும் இடம் இவ்வளவுதான். துணைத் தொழிலாளருக்கு 2,000 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு, சுகாதாரத் தொழிலாளருக்கு 3,600 மணி நேரம் என்று சட்டம் வரையறுக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவிலோ மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என்ற வரிசைதான். கலைச் சிகிச்சையாளருக்கு அதில் நாற்காலி கிடையாது.

நாற்காலி வரும் என்றுதான் நினைக்கிறேன். வரும்போது அதில் யார் உட்காருவார்கள்? இப்போதைய படிப்புகள் பெரும்பாலும் பெருநகரங்களில், ஆங்கிலத்தில், கையில் காசுள்ளவர்களுக்காக நடக்கின்றன. தீப்பெட்டி ஒட்டியவளின் மகள் திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ தமிழில் இதைப் படிக்க வேண்டும். அவளுடைய பயிற்சி மணி நேரத்தில் ஒரு பகுதி அரசு மருத்துவமனையிலும், ஒரு பகுதி ஒப்பாரி தெரிந்த பெண்களிடமும் கழிய வேண்டும். அந்தப் பெண்கள் தகவல் தருபவர்களாக அல்லாமல் ஆசிரியர்களாக, பெயரோடும் சம்பளத்தோடும் அந்த வகுப்புக்கு வர வேண்டும். இதைச் சட்டமாக்க முடியுமா என்று தெரிந்தவர்கள் சிரிக்கலாம். ரியோவில் நீஸ் ஓவியக்கூடம் திறந்தபோதும் சிரித்திருப்பார்கள்.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். காலேஜில் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“கூலி உண்டா தாயி?”