பாண்டிக்கு இருவராகப் போவது

திருமண வாழ்வைக் கொண்டாடவென்றே தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பயணம் இருந்ததென்றால் அது திருக்கடையூர்ப் பயணம்தான். அறுபது நிறைந்தால் ஒரு முறை, எண்பதைத் தொட்டால் இன்னொரு முறை. பத்திரிகை அடிப்பதும் செலவு செய்வதும் பிள்ளைகள். மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் சூழ்ந்து நிற்க, அமிர்தகடேசுவரர் சந்நிதியில் கிழவர் கிழவிக்கு மறுபடி தாலி கட்டுவார். பிள்ளைகள் இல்லாமல் அந்த விழாவே இல்லை. இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கம் இப்போது வேரூன்றிவிட்டது. பத்தாம் ஆண்டோ பதினைந்தாம் ஆண்டோ வந்தால், பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, கணவனும் மனைவியும் மட்டும் இரண்டு நாள் வெளியூரில் போய்த் தங்குகிறார்கள். மலை வேண்டுமென்பவர்களுக்கு ஊட்டியும் கொடைக்கானலும் உண்டு. சமவெளியில் அப்படிப் போகும் ஊர் எது என்றால் பலரும் யோசிக்காமல் சொல்வது பாண்டி. ஏன் அங்கே என்று கேட்டால், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன அழகு என்பார்கள். அந்த விடை பாதிதான் சரி. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது தெருக்களையும் சுவர்களையும். இருவர் வந்து தங்கி மகிழும் ஊர் அவர்கள் போன பிறகு, அதுவும் பெரும்பாலும் கடந்த இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில், நம்மவர்களின் கொள்கையாலும் காசாலும் உண்டானது.

தெருக்களிலிருந்தே தொடங்கலாம். 1674இல் பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் இங்கே வணிகக் கிடங்கை அமைத்தபோது இது நெசவாளரும் மீனவரும் இருந்த கடற்கரை ஊர். 1693இல் டச்சுக்காரர் பிடித்து, ஆறு ஆண்டு வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். இன்று ‘பிரெஞ்சு ஒழுங்கு’ என்று எல்லோரும் வியக்கும் நேர்கோட்டுத் தெருக்கள் அந்த ஆறு ஆண்டில் டச்சுக்காரர் போட்ட திட்டத்திலிருந்து வந்தவை. பழைய வரைபடங்களைக் கொண்டு இதை நிறுவியவர், புதுச்சேரியிலேயே நெடுங்காலம் ஆய்வு செய்த பிரெஞ்சுக்காரர் ழான் தெலோஷ். கட்டடங்களின் கதையும் இப்படித்தான். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சு காலத்துப் பட்டணத்தை 1761இல் ஆங்கிலேயர் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763 உடன்படிக்கையால் திரும்பக் கிடைத்தபின், 1765 முதல் மறுபடி கட்டினார்கள். 1816க்குப் பிறகு பிரான்சுக்கு இந்தியாவில் மிஞ்சியது படையும் கோட்டையும் வைத்துக்கொள்ளக் கூடாத சில துண்டு நிலங்கள். சென்னை துறைமுகமும் ரயிலுமாக வளர, பாண்டி அப்படியே நின்றது. இடித்துப் புதிதாகக் கட்டப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. இன்று நாம் பழமை என்று ரசிப்பதில் பெரும்பங்கு அந்தத் தேக்கத்தின் கொடை.

1954 நவம்பர் முதல் நாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அப்போது இந்த ஊருக்குத் தமிழ்நாட்டில் இருந்த பெயர் தம்பதியர் தேடி வரும் பெயரா? இல்லவே இல்லை. 1948இல் மதராஸ் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்ததிலிருந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் சரக்குதான் பாண்டியின் அடையாளம். இந்திய ஒன்றியத்தில் சேர்ந்து யூனியன் பிரதேசம் ஆன பிறகும் கலால் வரி தனியாகவே இருந்ததால் விலை வித்தியாசம் நீடித்தது. ‘பாண்டிக்குப் போய்வந்தேன்’ என்று ஓர் ஆண் சொன்னால் கேட்பவர் கண்ணடித்த காலம் ஒன்று இருந்தது. மனைவியிடம் சொல்லாமல் போகிற ஊர் அது. இன்னொரு பாண்டியும் அதே கடற்கரையில் இருந்தது. 1910இல் வந்து சேர்ந்த அரவிந்தரைச் சுற்றி வளர்ந்த ஆசிரமம், கடலுக்கும், பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒவ்வொரு வீடாக வாங்கிப் பழுது பார்த்தது. இன்றும் அந்தத் தெருக்களில் நடந்தால் சுவரின் நிறமே சொல்லிவிடும்: சாம்பலும் வெள்ளையும் என்றால் ஆசிரமம், மஞ்சளும் வெள்ளையும் என்றால் பெரும்பாலும் அரசோ ஓட்டலோ. ஆசிரம விருந்தினர் இல்லங்களில் மது கூடாது, புகை கூடாது, இரவில் வாசல் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆனால் அறை சுத்தம், வாடகை குறைவு, ஜன்னலைத் திறந்தால் கடல். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி பயமின்றிக் கணவனோடு வந்து தங்கலாம் என்ற நம்பிக்கையை இந்த ஊருக்கு முதலில் தேடித் தந்தவர்கள், வேடிக்கைதான், துறவு வாழ்வைத் தேடி வந்தவர்கள்.

அந்த நம்பிக்கைக்கு மேல் வந்தது சாலை. சென்னையிலிருந்து திண்டிவனம் சுற்றி வந்துகொண்டிருந்தவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை 1990களின் இறுதியில் ஒழுங்கான வழியானது. 2002இல் சுங்கச் சாலையும் ஆனது. சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர். சனிக்கிழமை காலையில் கிளம்பி, ஞாயிறு இரவுக்குள் பிள்ளைகளிடம் திரும்பிவிடலாம். இரண்டு நாள் பயணம் என்ற அளவே இந்தச் சாலை வகுத்த அளவுதான். அதே ஆண்டுகளில் பழைய மாளிகைகள் ஓட்டல்களாயின. ரோமன் ரோலான் தெருவில் ஒரு காலத்தில் கல்வித் துறை இருந்த கட்டடம் அப்படி மாறியது. வாய்க்காலுக்கு மேற்கேயும் வேலை நடந்தது. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பீனோ, பிரான்சின் வில்நேவ் சூர் லோ ஆகிய நகரங்களோடு சேர்ந்து, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வைசியாள் தெருவைச் சீரமைத்தது. அந்தத் தெருவின் வீடுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கீழே மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதன் பின்னே திண்ணை, செதுக்கிய வாசக்கால், உள்ளே முற்றம். இவ்வளவும் தமிழ் வீடு. தலையை உயர்த்தினால் மாடியில் வளைவு ஜன்னல்கள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், பலகைச் சட்டக் கதவுகள். வழிப்போக்கன் உட்காரத் திண்ணையும், வெளியார் எட்டிப் பார்க்க முடியாத மாடியும் ஒரே வீட்டில். வணிகர்கள் கட்டிக்கொண்ட இந்த இரட்டை வீட்டுக்கு முன்னோடி, துய்ப்ளேக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை.

இங்கே ஒரு மறுப்பு எழும். சாலையும் ஓட்டலும் எங்கும் போடலாமே, அடியில் பிரெஞ்சு நகரம் இல்லாவிட்டால் யார் வருவார்கள்? நியாயமான கேள்வி. காரைக்காலைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். 1739 முதல் பிரெஞ்சு ஆட்சி, அதே சட்டம், அதே யூனியன் பிரதேசம், அதே மலிவான மது, அதே வங்கக் கடல். திருமண நாளுக்குக் காரைக்கால் போனோம் என்று யாரும் சொல்வதில்லை. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போகிறவர்கள்தான் அந்த வழியில் அதிகம். காரைக்கால் தலைநகர் இல்லை, மாளிகைத் தெருக்கள் குறைவு என்று சொன்னால், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் கையில் இருந்த ஊர். கோட்டை, தேவாலயங்கள், ஐரோப்பியத் தெரு, சீரமைத்த பங்களா எல்லாம் உண்டு. கூட்டம் மட்டும் இல்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாரக்கடைசிக்கு எட்டும் தூரம், ஆசிரமம் தந்த நற்பெயர், வரிக் கொள்கை, சீரமைப்பு ஆகியவை ஒன்றுசேர்ந்த இடம் பாண்டி ஒன்றுதான். பிரெஞ்சுக் கட்டடம் இருந்தாக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அது மட்டும் போதாது. அந்தக் கட்டடமும் சில இடங்களில் புத்தம் புதியது. கடற்கரைச் சாலையில் தம்பதியர் முன்நின்று படம் எடுத்துக்கொள்ளும் மேரி கட்டடம், 1870ஐ ஒட்டிக் கட்டிய பழைய நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு அதே வடிவில் எழுப்பி 2021இல் திறந்தார்கள்.

எல்லாம் மலிவு மதுவின் வேலை என்று சுருக்குகிறவர்களும் உண்டு. அந்த வாதம் இருபது ஆண்டுக்கு முன்பே வலுவிழந்துவிட்டது. 2003இல் டாஸ்மாக் சில்லறைக் கடைகளைத் திறந்தபின் குடிக்க எல்லை தாண்ட வேண்டிய அவசியம் தமிழ்நாட்டானுக்கு இல்லை. பாண்டிக்கு வரும் கூட்டம் அதனால் குறையவில்லை. அதில் பெண்களின் பங்கு கூடியது. மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலையில் அவர்கள் இருட்டிய பிறகும் நிம்மதியாக நடக்கிறார்கள். அவர்கள் நடக்கும் கரையும் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனபடி இல்லை. தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர் மணலின் வடக்கு நோக்கிய ஓட்டத்தைத் தடுத்தது. கடற்கரை கரைந்து, கருங்கல் குவியல் மிஞ்சியது. காந்தி சிலைக்கு அருகே இப்போது தெரியும் மணல் அண்மையில் கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டு மீட்டுத் தந்தது.

இந்த ஊர் அறை வாடகையை நம்பத் தொடங்குவதற்கு முன் ஆலையை நம்பி வாழ்ந்தது. 1898இல் தொடங்கிய ரோடியர் ஆலை, பின்னாளில் ஏ.எஃப்.டி., ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஊரின் ஆலைத் தொழிலாளர் நடத்திய போராட்டத்தில், 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிர்விட்டனர். அந்தப் போராட்டத்தால் எட்டு மணி நேர வேலை கிடைத்தது. ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. ஒரு தொழிலின் இடத்தை இன்னொன்று பிடிப்பது வரலாற்றில் புதிதில்லை. ஆனால் புதிய தொழில் பிரான்சு தந்த சீதனம் என்று எண்ணிக்கொண்டு சும்மா இருந்தால் அது நிலைக்காது. சாலை, வரி, சீரமைப்பு என்று அரசும் ஊராரும் எடுத்த முடிவுகளால் வந்தது அது. வாய்க்காலுக்கு மேற்கே ஓட்டு வீடுகள் இடிந்து கான்கிரீட் பெட்டிகள் எழுந்துகொண்டிருக்கின்றன. வைசியாள் தெருவுக்குச் செய்ததை அடுத்தடுத்த தெருக்களுக்கும் அரசு செய்யட்டும். திருமண நாளுக்கு வருகிற இருவரும் ஒரு காலைப் பொழுதையாவது அந்தப் பக்கம் செலவழிக்கட்டும்.