சாட்சியும் முத்திரையும்

பெரிய வழக்கொன்றைத் துப்புத்துலக்கிய அதிகாரி, ஓய்வுபெற்றதும் நூலாசிரியராகவும் குற்றவியல் நிபுணராகவும் மேடையேறுவது தமிழ்நாட்டுக்குப் பழகிய காட்சி. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த சி.பி.ஐ. சிறப்புப் புலனாய்வுக் குழுவிலிருந்தே பலர் பேசியிருக்கிறார்கள். குழுவின் தலைவர் டி.ஆர்.கார்த்திகேயன் 2004-இல் சக அதிகாரி ஒருவரோடு சேர்ந்து நூல் எழுதினார். தலைமைப் புலனாய்வு அதிகாரி கே.ரகோத்தமன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். இப்படிப்பட்டவர்களின் சொல்லை எந்த எல்லைவரை நம்புவது? தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்தை உள்ளடக்கிய கம்பம் பள்ளத்தாக்கின் கடந்த காலத்தில் அதற்கு ஒரு விடை இருக்கிறது என்பது என் துணிபு. தான் கையாண்ட வழக்கைப் பற்றி ஓர் அதிகாரி பேசினால் அவர் சாட்சி. ஒரு கூட்டத்தாரின் குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் அவர் சாட்சி அல்ல, முத்திரை குத்துபவர்.

கம்பம் பள்ளத்தாக்கு அந்த முத்திரையைச் சுமந்த பகுதி. சென்னை மாகாணக் காவல் துறை அதிகாரி பிரடெரிக் முல்லாலி 1892-இல் மாகாணத்தின் ‘குற்ற வகுப்புகள்’ பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் பணியில் இருந்தபோதே எழுதியவர்தான். ஆனால் காவல் அனுபவமே ஒருவரைச் சமூக அறிஞராக்கிவிடும் என்ற நம்பிக்கை அதில் முழுமையாக இருந்தது. அந்த நம்பிக்கை சட்டத்திலும் ஏறியது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தப் பகுதியிலும் வாழும் பிறமலைக் கள்ளர்கள் அதன் பிடிக்குள் கொண்டுவரப்பட்டார்கள். மக்கள் வாயில் அது ‘ரேகைச் சட்டம்’. திருடாதவனும் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். குற்றம் செய்தாரா என்று ஒருவரையும் தனித்தனியே விசாரிக்கவில்லை, பிறப்பே போதுமானதாக இருந்தது. ரேகை பதிய மறுத்த, மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் நீங்கியது.

காவல் பணிக்குப் பொது அறிவு வேண்டாமா, பழைய வழக்குகளிலிருந்து பாடம் எடுக்காமல் புதிய வழக்கை எப்படித் துலக்குவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பொது அறிவிலும் இரண்டு வகை உண்டு. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி.சந்திரசேகரன், ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்த துணுக்குகளிலிருந்து இடுப்பில் கட்டிய வெடிகுண்டின் அமைப்பை மீட்டெடுத்தார். பின்னர் அதை நூலாகவும் எழுதினார். வெடிமருந்து, கம்பி, மின்கலம் பற்றிய அறிவை இன்னொருவர் சோதித்துப் பார்க்கலாம், தவறென்றால் மறுக்கலாம். ‘இந்தச் சாதிக்காரர் இப்படித்தான்’ என்பதைச் சோதிக்க வழியில்லை. மறுப்பவரையும் அதே சாதிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது. ஓய்வுக்குப் பின் பேசுவதே விளம்பர ஆசை, அப்படியானால் யாரும் பேசாமலிருப்பதே நல்லது என்பது. அதை நான் ஏற்கவில்லை. ராஜீவ் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி வி.தியாகராஜன், ஓய்வுபெற்ற பிறகு 2013-இல் ஓர் உண்மையைச் சொன்னார். தான் வாங்கித் தந்த மின்கலங்கள் எதற்காக என்று தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுத்தில் சேர்க்கவில்லை என்றார். 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் அதையே பிரமாணப் பத்திரமாகவும் தாக்கல் செய்தார். 1999-இல் அதே நீதிமன்றம் பேரறிவாளனின் தூக்குத் தண்டனையை உறுதி செய்திருந்தது. இருபதாண்டுகளுக்கும் மேல் தாமதமாக வந்த சொல் என்று அவரைக் கடிந்துகொள்ள எல்லா நியாயமும் உண்டு. ஆனாலும் அது ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட தாளில், தன் கையால் விட்ட ஒரு வரியைப் பற்றிய சொல். சரிபார்க்கத் தக்கது; சொன்னவருக்கே பாதகமானது. ஓர் அதிகாரியின் ஓய்வுக்கால மேடையில் நான் எதிர்பார்ப்பது இந்த வகைப் பேச்சைத்தான்.

முல்லாலி எழுதியதைத் திருத்த அப்படியொரு வாக்குமூலம் இந்தப் பகுதிக்கு வரவில்லை. சட்டத்தை நீக்க மக்களும் தலைவர்களும் போராட வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தேனி மாவட்டத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்கள் வாங்கும் சாதிச் சான்றிதழில் ‘சீர்மரபினர்’ என்று இருக்கிறது.